கிளைமாக்ஸ் எல்லோருக்கும் தெரியும்... ஆனாலும் ஏன் பார்க்கிறார்கள்? - கிறிஸ்துமஸ் டி.வி ரொமான்ஸ் படங்களின் ரகசியம்!

ஒரு கதை சொல்றோம். கிளைமாக்ஸை நீங்களே சொல்லிடுங்க.

ஹீரோயினுக்கு நியூயார்க்கில் பெரிய வேலை. ஒரு கையில் காபி, இன்னொரு கையில் போன். கிறிஸ்துமஸ் என்றாலே அலர்ஜி. டிசம்பர் நடுவில், ஆபீஸ் வேலையாக பனி கொட்டும் ஒரு சின்ன ஊருக்குப் போயே ஆக வேண்டிய கட்டாயம். ஊரில் கால் வைத்ததுமே ஒருவர் மீது மோதுகிறார். காபி மொத்தமும் அவர் ஸ்வெட்டரில். அந்த ஒருவர்தான் ஹீரோ. கட்டம் போட்ட சட்டை, கிறிஸ்துமஸ் மரத் தோட்டம், மனைவியை இழந்தவர், வயசுக்கு மீறிப் பேசும் ஏழு வயது மகள். ஊரின் பழைய விடுதி ஒன்று கடனில் தத்தளிக்கிறது. 24-ம் தேதிக்குள் பணம் கட்டாவிட்டால் கார்ப்பரேட் கம்பெனி அதை வாங்கி இடித்துவிடும்.

அப்புறம் என்ன நடக்கும்? யோசிக்கவே வேண்டாம். விடுதி பிழைக்கும், சின்னப் பெண் சிரிப்பாள், கடைசி நிமிடத்தில் ஒரு முத்தம். அந்த நேரம் பார்த்து கரெக்டாகப் பனி கொட்டும். சுபம்!

இது ஒரு படத்தின் கதையில்லை. அமெரிக்காவில் வருஷா வருஷம் டஜன் கணக்கில் வெளியாகும் டி.வி படங்களின் பொதுக் கதை. 2019-ல் ஹால்மார்க் நிறுவனம் மட்டும் தன் இரண்டு சேனல்களிலும் சேர்த்து 40 புதுக் கிறிஸ்துமஸ் படங்களை இறக்கியது. போட்டிக்கு லைஃப்டைம், நெட்ஃப்ளிக்ஸ் என ஒரு பெரிய பட்டாளமே இருக்கிறது. விமர்சகர்கள் கலாய்க்கிறார்கள், மீம்ஸ் பறக்கிறது. ஆனால், பார்க்கிற கூட்டம் குறையவில்லை. நெட்ஃப்ளிக்ஸ் புண்ணியத்தில், ஃபேன் காற்றில் படுத்துக்கொண்டு பனி விழுவதைப் பார்க்கும் நம்மூர் ரசிகர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு.

முடிவு தெரிந்த கதையில் அப்படி என்னதான் இருக்கு?

வாழ்த்து அட்டை விற்றவர்களின் சேனல்

ஹால்மார்க் அடிப்படையில் ஒரு வாழ்த்து அட்டைக் கம்பெனி. 1910-ல் ஜாய்ஸ் ஹால் என்ற 18 வயது இளைஞர், இரண்டு ஷூ டப்பாக்கள் நிறைய போஸ்ட் கார்டுகளோடு கன்சாஸ் சிட்டியில் வந்திறங்கி ஆரம்பித்த பிசினஸ் அது. டி.வி வந்த புதிதிலேயே அதன் பவரைப் புரிந்துகொண்டது ஹால்மார்க். 1951 டிசம்பர் 24 இரவு, என்.பி.சி சேனலில் ஒளிபரப்பான ஓர் இசை நாடகத்துக்கு ஸ்பான்சர் செய்தது. டி.வி-க்கென்றே எழுதப்பட்ட முதல் ஓபரா அதுதான். கிறிஸ்துமஸுக்கும் டி.வி-க்கும் ஹால்மார்க் போட்ட முதல் முடிச்சு.

2001-ல் ஹால்மார்க் சேனல் பிறந்தது. 2009-ல் 'கவுன்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்' என்ற பெயரில், பண்டிகை சீசன் முழுக்கக் கிறிஸ்துமஸ் படங்களாகப் போட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அந்த கவுன்ட்டவுன் அக்டோபரிலேயே தொடங்கிவிடுகிறது. அதுவும் போதாமல் ஜூலையில் வேறு ஒரு ரவுண்டு கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள்!

வாழ்த்து அட்டையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உள்ளே அச்சடித்த வரிகளில் புதுசாக ஒன்றுமே இருக்காது. அதே வரிகள் லட்சம் பேருக்குப் போயிருக்கும். ஆனாலும், நமக்கு வந்த அட்டையை நாம் தூக்கிப் போடுவதில்லை. இந்த வருஷமும் ஒருவர் நம்மை நினைத்திருக்கிறார் என்பதுதான் அதன் மதிப்பு. ஹால்மார்க் படங்களும் அப்படித்தான். கதை புதுசாக இருக்க வேண்டுமென்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. டிசம்பரில் தவறாமல் வந்து சேர்ந்தால் போதும்.

ஃபார்முலாவும் ஹால்மார்க் கண்டுபிடித்ததில்லை. 1945-ல் வந்த 'கிறிஸ்துமஸ் இன் கனெக்டிகட்' என்ற படத்தில் பார்பரா ஸ்டான்விக் ஒரு பத்திரிகை எழுத்தாளர். கிராமத்துப் பண்ணை வீடு, கணவர், குழந்தை, கமகம சமையல் என்று பத்தி எழுதுவார். நிஜத்தில் அவர் இருப்பது நியூயார்க் அபார்ட்மென்ட்டில், சமையலும் சுத்தமாகத் தெரியாது. போரிலிருந்து திரும்பிய வீரர் ஒருவருக்கு அந்தப் பண்ணை வீட்டில் விருந்து வைக்கச் சொல்லி முதலாளி உத்தரவு போட, மாட்டிக்கொள்கிறார். நகரத்துப் பெண், கிராமத்து வீடு, பனி, எதிர்பாராத காதல்... எல்லாமே அதில் இருக்கு. ஒரு ஜாலி தகவல்: இந்தப் படத்தை 1992-ல் டி.வி-க்காக மறுபடியும் எடுத்தார்கள். டைரக்டர் யார் தெரியுமா? 'டெர்மினேட்டர்' அர்னால்டு!

கொதிக்கும் வெயிலில் உறைபனி

இந்தப் படங்கள் தயாராவதே ஒரு தனி சுவாரஸ்யம்.

பெரும்பாலானவை கனடாவில்தான் எடுக்கப்படுகின்றன. அங்கே வரிச்சலுகை உண்டு, கனடா டாலரின் மதிப்பு அமெரிக்க டாலரைவிடக் குறைவு, செங்கல் கட்டடங்கள் வரிசை கட்டிய அழகான கடைத்தெருக்களும் இருக்கின்றன. ஒட்டாவா பக்கத்தில் இருக்கும் ஆல்மான்ட் என்ற சின்ன ஊர், இத்தனை கிறிஸ்துமஸ் படங்களில் 'நடித்தே' பிரபலமாகிவிட்டது. டிசம்பரில் ஒளிபரப்ப வேண்டுமென்றால் பல படங்களைக் கோடையிலேயே எடுத்தாக வேண்டும். அப்போ பனி? தரையில் வெள்ளை விரிப்பு, காற்றில் நுரை, அங்கங்கே காகிதத் துகள், கொஞ்சம் நொறுக்கிய ஐஸ். கம்பளிக் கோட்டுக்குள் நடிகர்கள் வியர்த்து விறுவிறுத்துக்கொண்டே, "ஹா... என்ன குளிர்!" என்று கையைத் தேய்க்க வேண்டும். ஒரு படத்தின் ஷூட்டிங் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களுக்குள் முடிந்துவிடும்.

திரைக்கதைக்கும் ஒரு கணக்கு உண்டு. சினிமாவுக்கு மூன்று பகுதி என்றால், இந்த டி.வி படங்களை வழக்கமாக ஒன்பது பகுதிகளாக எழுதுகிறார்கள். காரணம், விளம்பர இடைவேளை. இரண்டு மணி நேர ஸ்லாட்டில் படம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான், மிச்சமெல்லாம் விளம்பரம். ஒவ்வோர் இடைவேளைக்கு முன்பும் சேனல் மாறாமல் நம்மை உட்கார வைக்க ஒரு சின்ன கொக்கி தேவை. ஹீரோவும் ஹீரோயினும் நெருங்கி வரும் நேரத்தில் குக்கீஸ் கருகும் வாசனை வரும், இல்லையென்றால் மகள் ஓடி வந்து "அப்பா!" என்பாள். முத்தம் கடைசிவரை தள்ளிப்போவதற்குப் பின்னால் கூச்சம் மட்டுமில்லை மக்களே, விளம்பர ரேட்டும் இருக்கு!

மூளைக்கு ஏன் பிடிக்குது?

சஸ்பென்ஸ் உடைந்தால் கதை செத்துவிடும் என்றுதானே நினைக்கிறோம்? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 2011-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஜோனதன் லீவிட், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள், சிலருக்குச் சிறுகதைகளை முடிவை முன்பே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதையும் சொல்லவில்லை. முடிவு தெரிந்தவர்கள்தான் கதையைக் கொஞ்சம் அதிகமாக ரசித்தார்கள். பிறகு வந்த வேறு சில ஆய்வுகளில் இதற்கு நேர்மாறான முடிவுகளும் வந்தன. அதனால், ஸ்பாய்லர் எல்லோருக்கும் நல்லது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், முடிவு தெரிந்த பிறகும் ஒரு கதையை ரசிக்க முடியும் என்பது, பாட்டியிடம் ஒரே கதையை நூறு தடவை கேட்ட யாருக்குமே தெரியும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. நாம் என்ன பார்க்கிறோம் என்பதை நம் மனநிலையே பல நேரம் முடிவு செய்கிறது என்கிறார் டால்ஃப் ஜில்மன் என்ற ஆய்வாளர். சோர்ந்திருக்கும்போது மனசைத் தூக்கி நிறுத்துகிற ஒன்றையும், படபடப்பாக இருக்கும்போது அமைதி தருகிற ஒன்றையும் கை தானாகத் தேடும். நாள் முழுக்க டெட்லைன், டிராஃபிக், இ.எம்.ஐ என்று ஓடிவிட்டு இரவு பத்து மணிக்கு ரிமோட்டை எடுப்பவருக்கு, அடுத்து யார் சாவார் என்று பதறவைக்கிற சீரிஸ் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். 'இங்கே யாருக்கும் எதுவும் ஆகாது, நிம்மதியா உட்காரு' என்று முன்கூட்டியே உத்தரவாதம் தருகிற படம் அந்த நேரத்தில் போர்வை மாதிரி. நடுவில் எழுந்து போய் துணி மடித்துவிட்டு வந்தாலும் கதை காத்திருக்கும்.

நெட்ஃப்ளிக்ஸுக்கே இது ஆச்சர்யமாக இருந்தது. 2017 டிசம்பரில் 'எ கிறிஸ்துமஸ் பிரின்ஸ்' படத்தை 53 பேர் 18 நாள்களாகத் தினமும் பார்த்திருக்கிறார்கள் என்று ட்விட்டரில் போட்டு, உங்களுக்கு யாரால் இப்படி மனசு உடைந்தது என்கிற தொனியில் கலாய்த்தது அந்த நிறுவனம். நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று உளவு பார்ப்பீர்களா என்று பலர் கோபப்பட்டார்கள். அந்தச் சண்டையில் ஒரு விஷயம் அமுங்கிப்போனது. கிண்டலாகக் கேட்கப்பட்டாலும், அந்தக் கேள்வி சரியான கேள்விதான்.

சிரிப்புக்கு அடியில் ஓர் இழப்பு

இந்த 'லைட்' படங்களை உற்றுப் பாருங்கள். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் இல்லை.

'எ கிறிஸ்துமஸ் பிரின்ஸ்' ஹீரோயின் ஆம்பர் அம்மாவை இழந்தவர், இளவரசன் ரிச்சர்ட் அப்பாவை இழந்தவர். 2022-ல் லிண்ட்சே லோஹன் நடித்த 'ஃபாலிங் ஃபார் கிறிஸ்துமஸ்' படத்தில் ஹீரோ மனைவியை இழந்தவர், ஹீரோயினுக்குச் சின்ன வயதிலேயே அம்மா இல்லை. மரத்தில் தொங்கவிடும் பழைய அலங்காரப் பொருள், அம்மா கைப்பட எழுதிய சமையல் குறிப்பு, அப்பா விட்டுப்போன கடை... ஏதாவது ஒன்று இல்லாத ஆளை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும்.

பண்டிகை என்பது எல்லோருக்கும் சந்தோஷம் மட்டும் இல்லையே. போன வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இந்த வருஷம் இல்லை என்பது, மற்ற நாள்களைவிடப் பண்டிகை அன்றுதான் பளிச்செனத் தெரியும். இந்தப் படங்கள் அதைப் பெரிய சோகமாக்கி அழவைப்பதில்லை. 'ஆமா, இந்த வீட்டில் ஒருவர் இல்லைதான். ஆனாலும் மரத்தில் விளக்கு போடலாம்' என்று மெதுவாகச் சொல்கின்றன. துக்கத்தில் இருப்பவருக்கு இதுவே பெரிய அனுமதி.

இளவரசனைவிடப் பெரிய கனவு

இந்தப் படங்கள் விற்கும் கனவு காதல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். காதல் இருக்கு, மறுக்கவில்லை. ஆனால், அதைவிடப் பெரிய கனவு ஒன்று ஒவ்வொரு ஃப்ரேமிலும் இருக்கு. அதன் பெயர், நேரம்.

கவனித்துப் பாருங்கள். அந்த ஊரில் யாருக்கும் அவசரமே கிடையாது. பேக்கரி அம்மா கடையை விட்டுவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து அட்வைஸ் பண்ணுவார். புதன்கிழமை பட்டப்பகலில் ஊரே கூடிப் பனி பொம்மைப் போட்டி நடத்தும். ஹீரோயின் போனில் சிக்னல் இருக்காது, அதற்காக அவருக்கு வேலையும் போகாது. எல்லோருக்கும் எல்லோருடைய பெயரும் தெரியும்.

இந்தக் கனவு பிறந்த நாட்டின் நிலவரத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். அமெரிக்காவில், தனியார் ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தத் தேசியச் சட்டமும் இல்லை. கிறிஸ்துமஸ் அன்றைக்கே லீவு தருவதுகூட முதலாளியின் விருப்பம்தான். 2023-ல் அந்நாட்டின் சர்ஜன் ஜெனரலாக இருந்த, இந்திய வம்சாவளி மருத்துவர் விவேக் மூர்த்தி, தனிமை ஒரு தொற்றுநோய் மாதிரி பரவியிருப்பதாக எச்சரித்து அறிக்கை வெளியிட்டார். வயது வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தனிமையை உணர்வதாகச் சொல்கிறார்கள் என்கிறது அந்த அறிக்கை.

லீவு கிடைக்காதவருக்கு, பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாதவருக்கு, ஒரு கிராமமே "வாம்மா, இந்த மரத்தைக் கொஞ்சம் பிடி" என்று கூப்பிடுவது எவ்வளவு பெரிய ஃபேன்டசி! அதற்கு முன்னால் இளவரசனின் அரண்மனையெல்லாம் சும்மா.

2014-ல் வந்த 'கிறிஸ்துமஸ் அண்டர் ராப்ஸ்' நல்ல உதாரணம். சுமார் 58 லட்சம் பேர் பார்த்து, அன்றைக்கு ஹால்மார்க் சேனலின் சாதனையாகப் பேசப்பட்ட படம். பாஸ்டனில் எதிர்பார்த்த வாய்ப்பு கிடைக்காத டாக்டர், அலாஸ்காவின் ஒரு குட்டி ஊருக்கு வேண்டா வெறுப்பாக வேலைக்குப் போகிறார். ஊர் அவரைத் தாங்குகிறது, கடைசியில் ஊர்தான் ஜெயிக்கிறது. படமாகப் பார்த்தால் இனிப்பு மிட்டாய். ஆனால் நிஜத்தில், 2010-க்குப் பிறகு 100-க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டோ, உள்நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தியோ இருக்கின்றன. அப்படி ஓர் ஊரில் உட்கார்ந்து, நகரத்திலிருந்து ஒரு டாக்டர் வந்து இங்கேயே தங்கிவிடும் கதையைப் பார்ப்பவருக்கு, அது வெறும் காதல் கதையாகவா தெரியும்?

எல்லாமே இனிப்பில்லை

பாராட்டிக்கொண்டே போனால் எப்படி? குறைகளும் இருக்கு, நிறையவே.

ரொம்ப காலத்துக்கு இந்தப் பனி ஊர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளையர்கள்தான். மற்றவர்கள் ஹீரோயினின் தோழியாக வந்து ஐடியா கொடுத்துவிட்டுப் போவார்கள். 2019 டிசம்பரில், இரண்டு பெண்கள் முத்தமிட்டுக்கொள்ளும் கல்யாண விளம்பரங்களை ஹால்மார்க் சேனல் நிறுத்தியது. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்பு கேட்டது. அடுத்த வருஷமே 'தி கிறிஸ்துமஸ் ஹவுஸ்' படத்தில் ஒரு தன்பால் ஈர்ப்புத் தம்பதிக்கு முக்கிய இடம் கொடுத்தது. 2022-ல் வந்த 'தி ஹாலிடே சிட்டர்' படத்தின் மையக் காதலே இரண்டு ஆண்களுக்கு இடையில்தான். இன்னொரு பக்கம், ஹால்மார்க்கின் முன்னாள் தலைவர் பில் அபட் ஆரம்பித்த போட்டிச் சேனல், பாரம்பரியக் குடும்பங்களை மையமாக வைத்த கதைகள்தான் எங்கள் வழி என்று போகிறது. 'கிறிஸ்துமஸ் அண்டர் ராப்ஸ்' ஹீரோயின் கேண்டஸ் கேமரூன் பூரேவும் 2022-ல் அந்தப் பக்கம் போய்விட்டார். யாருடைய கிறிஸ்துமஸ், யாருடைய குடும்பம் என்ற பெரிய சண்டை, இந்தச் சின்னப் படங்களுக்குள்ளும் நடக்கிறது.

வேலையில் ஜெயிக்கிற பெண்ணை 'ஏதோ குறையிருக்கு' என்று காட்டுவது இன்னொரு பஞ்சாயத்து. புரமோஷனைத் தூக்கிப் போட்டுவிட்டு பேக்கரியில் மாவு பிசைந்தால்தான் சந்தோஷமா? நியாயமான கேள்வி. கொஞ்சம் மாற்றமும் வந்திருக்கிறது. விடுதியைத் தன் பிசினஸ் மூளையால் காப்பாற்றும் ஹீரோயின்களை இப்போது நிறையப் பார்க்க முடிகிறது.

முக்கியமான குறை இன்னொன்று. ஊரே கூடி ஒரு நடன விருந்து நடத்தினால் கடன் அடைந்துவிடும் என்கின்றன இந்தப் படங்கள். மூடிய மருத்துவமனை அப்படித் திறக்காது. லீவு தராத சட்டமும் அப்படி மாறாது. படம் ஒன்றரை மணி நேரம் இளைப்பாற இடம் தரும், அவ்ளோதான் அதனால் முடியும்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

இந்த ஏரியாவுக்கே புதுசு என்றால், மூன்று படங்கள்:

● எ கிறிஸ்துமஸ் பிரின்ஸ் (2017): ரிப்போர்ட்டர், இளவரசன், மேப்பில் இல்லாத ஆல்டோவியா நாடு. லாஜிக்கை வாசலில் செருப்போடு விட்டுவிட்டுப் போங்கள்.

● தி பிரின்சஸ் ஸ்விட்ச் (2018): சிகாகோ பேக்கரிப் பெண்ணும், அச்சு அசலாக அவரைப் போலவே இருக்கும் சீமாட்டியும் இடம் மாறும் கதை. இரட்டை வேடப் படங்களில் ஊறிய நமக்குச் சொல்லியா தரணும்?

● கிறிஸ்துமஸ் இன் கனெக்டிகட் (1945): ஃபார்முலாவின் கொள்ளுப்பாட்டி. கறுப்பு வெள்ளை என்று ஒதுக்கிவிடாதீர்கள், காமெடி இன்றைக்கும் செம ஃப்ரெஷ்.

ஒரு டிப்ஸ்: தனியாகப் பார்ப்பதைவிட நாலு பேரோடு சேர்ந்து, "இப்போ காபி கொட்டும் பாரு", "இப்போ பனி விழும் பாரு" என்று பந்தயம் கட்டிக்கொண்டு பாருங்கள். கலாய்க்கலாம், தப்பேயில்லை. எப்படியும் அந்தக் கடைசிப் பனி விழும்போது சத்தம் தானாக அடங்கும்.

யாராவது வந்து, "இதையெல்லாமா பார்க்கிறே?" என்று கேட்டால் கூச்சப்பட ஒன்றுமில்லை. படம் முடிந்ததும் அப்படியே அடுத்த படத்துக்குப் போகாமல் ஒரே ஒரு வேலை மட்டும் பண்ணுங்கள். பார்த்ததில் எது உங்களுக்கு ஏக்கமாக இருந்தது என்று யோசியுங்கள். ஹீரோவா, அந்த ஊரா, அவசரமே இல்லாத அந்தப் புதன்கிழமையா? ஹீரோ கிடைப்பது நம் கையில் இல்லை. ஆனால், ரொம்ப நாளாகப் பேசாத ஒருவருக்கு போன் போட்டு, அவசரமில்லாமல் அரை மணி நேரம் பேச முடியும். அதற்குப் பனியெல்லாம் தேவையே இல்லை.